கன்சோலில் விட்ட காசை எங்கே எடுக்கிறார்கள்?

கேள்வி மூன்று பகுதியாக வருகிறது. கன்சோலை, அதாவது டிவியில் மாட்டி கேம் ஆடுகிற பெட்டியை, அடக்க விலைக்கும் கீழே விற்கிறார்கள் என்கிறார்களே, அப்புறம் எப்படிப் பிழைக்கிறார்கள்? கணினியில் சும்மா ஆடுகிற ஆன்லைன் ஆட்டத்துக்கு பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் ஏன் சந்தா? இருபது கோடி டாலர் கொட்டி எடுத்த ஒரு கேமை ஒரே ஒரு கன்சோலில் மட்டும் வெளியிடுவது பைத்தியக்காரத்தனம் இல்லையா?

மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. வாரச் சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கத்தரிக்காய் விற்பதில்லை. கடை போடுகிற ஒவ்வொருவரிடமும் சுங்கம் வாங்குகிறார். கூட்டம் வந்தால்தான் கடை போட ஆள் வரும், கடை இருந்தால்தான் கூட்டம் வரும். அதனால் திடலைச் சமன்படுத்தவும் விளக்குப் போடவும் ராட்டினம் வைக்கவும் கைக்காசைச் செலவழிப்பார். கன்சோல்தான் அந்தத் திடல், ஒரே கன்சோலில் மட்டும் வருகிற எக்ஸ்க்ளூசிவ் கேம்தான் ராட்டினம். லாபத்தின் பெரும்பகுதி மற்றவர்கள் போட்ட கடைகளிலிருந்து வருகிறது.

முதலில் பெட்டியின் கணக்கு. சோனி 2006 நவம்பரில் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் 3-ன் (பிஎஸ்3) 60 ஜிபி மாடல் அமெரிக்காவில் 599 டாலர். அதைப் பிரித்துப்போட்டு எண்ணிப் பார்த்த ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம், பாகங்களும் தயாரிப்புக் கூலியும் சேர்த்தே 840 டாலர் ஆகிறது என்றது. கடைக்காரர் கமிஷனையும் கப்பல் செலவையும் சேர்க்காமலேயே பெட்டிக்கு 240 டாலர் கையைக் கடிக்கிறது. புதிதாக வந்த ப்ளூ-ரே டிரைவும் செல் சிப்பும்தான் விலையை ஏற்றியவை. 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சோனியின் கேம் பிரிவு சுமார் 23,200 கோடி யென் நஷ்டம் காட்டியது. எக்ஸ்பாக்ஸ் விற்கிற மைக்ரோசாஃப்டின் கதையும் இதேதான். 2021-ல், ஃபோர்ட்நைட் என்ற கேமை நடத்துகிற எபிக் நிறுவனத்துக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில் சாட்சி சொன்ன எக்ஸ்பாக்ஸ் அதிகாரி லோரி ரைட், கன்சோல் விற்பனையில் தாங்கள் ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்றார். அடுத்த ஆண்டு, அன்றைய எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர், ஒரு கன்சோலுக்கு 100 முதல் 200 டாலர் வரை தாங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

இந்த நஷ்டம் நிரந்தரமாக இருக்கும் என்று யாரும் திட்டம் போடுவதில்லை. சிப்பு ஆண்டுக்கு ஆண்டு சிறிதாகும், ஒரே வேஃபரில் (சிப்புகளை வெட்டியெடுக்கிற சிலிக்கான் தகட்டில்) அதிகச் சிப்பு கிடைக்கும், மின்விசிறியும் பவர் சப்ளையும் சுருங்கும், அடக்க விலை இறங்கும். பிஎஸ்2 அப்படித்தான் 2000-ல் 299 டாலரில் தொடங்கி 2009-ல் 99 டாலருக்கு வந்தது. பிஎஸ்5-ன் 499 டாலர் மாடல், வெளியான ஒன்பதாவது மாதமான 2021 ஆகஸ்டுக்குள் நஷ்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டதாக சோனி சொன்னது. ஆனால் அதற்குப் பிறகு விலை இறங்கவேண்டிய காலத்தில் ஏறியிருக்கிறது. சிப்பைச் சிறிதாக்கினாலும் இப்போது காசு மிச்சமாவதில்லை. கூடவே அமெரிக்க இறக்குமதி வரியும் சேர்ந்துகொண்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் பிஎஸ்5 550 டாலர் ஆனது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அதே ஆண்டில் இரண்டு முறை ஏறி, 500-லிருந்து 650-க்குப் போய்விட்டது. ஐந்து வயதான கன்சோல் புதிதாக வந்தபோது இருந்ததைவிட விலை கூடுவது இந்தத் தொழிலில் புதுசு.

பெட்டி மட்டும் விற்று கேம் விற்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. பிஎஸ்3-ல் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ள சோனியே வழி வைத்திருந்தது. அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பிஎஸ்3-களை வாங்கி, ஒன்றோடொன்று கோத்து, காண்டோர் என்ற சூப்பர் கம்ப்யூட்டரை 2010-ல் அமைத்தது. அத்தனை பெட்டி போயும் சோனிக்கு ஒரு கேம் ராயல்டிகூட வரவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 1-ல் ஒரு அப்டேட் வழியாக லினக்ஸ் வசதியையே சோனி எடுத்துவிட்டது. பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார்கள். மானியம் கொடுத்து விற்ற பெட்டி கேம் ஆடாதவன் கையில் போவதில் சோனிக்கு எந்த ஆதாயமும் இருக்கவில்லை என்பதும் உண்மைதான்.

இனி சுங்கம். அடாரி 2600 என்ற பழைய கன்சோலின் காலத்தில் இந்தச் சுங்கமே கிடையாது. 1979-ல் அடாரியை விட்டு வெளியேறிய புரோகிராமர்கள் ஆக்டிவிஷனைத் தொடங்கி அதே கன்சோலுக்குக் கேம் விற்றார்கள். அடாரிக்கு ஒரு பங்கும் போகாது, தடுக்கத் தொழில்நுட்ப வழியும் இல்லை. வந்தவன் போனவனெல்லாம் கேட்ரிட்ஜ் (கன்சோலில் செருகுகிற கேம் அட்டை) அடித்து, 1983-ல் அமெரிக்கச் சந்தையே குப்பையில் மூழ்கியது. அதைப் பார்த்துப் பாடம் படித்தது நின்டெண்டோ. அதன் என்இஎஸ் கன்சோலுக்குள் ஒரு பூட்டுச் சிப்பு, அனுமதி பெற்ற கேட்ரிட்ஜுக்குள் அதற்கு ஜோடிச் சிப்பு. இரண்டும் பேசிக்கொண்டால்தான் ஆட்டம் ஓடும். கேட்ரிட்ஜை நின்டெண்டோதான் தயாரிக்கும், பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும், விற்காவிட்டால் நட்டம் வெளியீட்டாளர் தலையில். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து கேம்தான் வெளியிடலாம் என்ற வரம்பு வேறு.

இன்றும் அதே பூட்டுதான், சிப்புக்குப் பதில் டிஜிட்டல் கையெழுத்து. சோனி தன் ரகசியச் சாவியால் கையெழுத்திடாத எதையும் பிஎஸ்5 ஓட்டாது. அந்தக் கையெழுத்துக்குக் கொடுக்கிற விலைதான் ராயல்டி. டிஸ்கில் விற்ற 60 டாலர் கேமில் கன்சோல் நிறுவனத்துக்கு 7 டாலர் போலக் கிடைத்தது; கடைக்காரர் அதைப்போல இரண்டு மடங்கு எடுத்துக்கொண்டார். டவுன்லோடுக்கு மாறியதும் கடைக்காரரும் போனார், பெட்டியும் டிஸ்க்கும் லாரியும் போயின. கன்சோல் நிறுவனமே கடைக்காரராகி 30 சதவீதம் எடுக்கிறது. 70 டாலர் கேமில் அது 21 டாலர். டிஸ்கில் கிடைத்ததைப் போல மூன்று மடங்கு, கூடுதல் செலவு சர்வரும் கார்டு கட்டணமும் மட்டும். மைக்ரோசாஃப்ட் 2021 ஆகஸ்டில் கணினிக் கேம்களுக்குத் தன் பங்கை 12 சதவீதமாகக் குறைத்தது; எக்ஸ்பாக்ஸில் 30-ஐ அப்படியே வைத்துக்கொண்டது. கணினியில் ஸ்டீம், எபிக் என்று போட்டிக் கடைகள் உண்டு, கன்சோலுக்குள் வேறு கடை கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் ஏன் மலிவு என்பதும் இதில் அடங்கிவிடுகிறது. 2020-ல் பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷன் 399, டிஸ்க் மாடல் 499. டிரைவின் அடக்க விலை 100 டாலருக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் டிரைவ் இல்லாதவர் ஆயுள் முழுக்க ஒரே கடையில்தான் வாங்க வேண்டும். பழைய டிஸ்க் வாங்க முடியாது, ஆடி முடித்ததை விற்க முடியாது, நண்பனுக்குக் கைமாற்ற முடியாது. நம்மூரில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி, முடித்துவிட்டு ஆயிரத்து ஐந்நூறுக்குத் தள்ளிவிடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த மாடல் மலிவே இல்லை. 2024-ல் 700 டாலருக்கு வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிரைவே வைக்கவில்லை. வேண்டுமானால் தனியாக 80 டாலர் கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ளலாம். பிளேஸ்டேஷனில் விற்கிற முழுக் கேம்களில் இப்போது கிட்டத்தட்ட முக்கால்வாசி டவுன்லோடுதான்.

அடுத்து ஆன்லைன் சந்தா. 2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் சேவை தொடங்கியபோது, ஹெட்செட்டும் ஓராண்டுச் சந்தாவும் சேர்ந்த தொகுப்பு 50 டாலர். எதற்காக இந்தப் பணம் என்று அன்றே கேட்டார்கள். ஹேலோ 2 போன்ற சுடும் ஆட்டங்களில் மைக்ரோசாஃப்டின் சர்வர் ஆட்டத்தை நடத்தவே இல்லை. சேர்ந்து ஆடுகிறவர்களில் ஒருவரின் எக்ஸ்பாக்ஸே சர்வராக வேலை செய்தது. அதனால்தான் அப்படி ஹோஸ்டாக (சர்வராக) அமைந்தவர், தன் மோடத்தின் ஸ்டாண்ட்பை பொத்தானை அழுத்தி மற்றவர்களைச் சிலையாக உறையவைத்து சுட்டுத்தள்ளுகிற திருட்டு வேலை நடந்தது. சந்தா கட்டியவருக்குக் கிடைத்தது வேறு: தன் திறமைக்கு ஏற்ற எதிராளியைத் தேடிச் சேர்ப்பது, எல்லாக் கேமுக்கும் ஒரே பெயர், ஒரே நண்பர் பட்டியல், ஒரே குரல் அரட்டை. பிஎஸ்2-ல் ஒவ்வொரு கேம் நிறுவனமும் தனித்தனி லாகின் வைத்திருந்த காலத்தில் இது நிஜமாகவே பெரிய வசதி. ஆனால் வாடிக்கையாளர் யாருடையவர் என்பதையும் இதுதான் தீர்மானித்தது. அது புரிந்ததால்தான் பெரிய கேம் நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2004 வரை எக்ஸ்பாக்ஸ் லைவுக்குள் வராமல் முரண்டுபிடித்தது.

பிஎஸ்3-ல் ஆன்லைன் இலவசம். 2013-ல் பிஎஸ்4 வந்ததும் சோனியும் பிளேஸ்டேஷன் ப்ளஸ் சந்தா இல்லாமல் பல பேர் சேர்ந்து ஆட முடியாது என்றாக்கியது. பத்தாண்டாக எக்ஸ்பாக்ஸ்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டியதைப் பார்த்த பிறகு யார்தான் சும்மா இருப்பார்கள்? ஆண்டுச் சந்தா 50 டாலர், 2016-ல் 60, 2023 செப்டம்பரில் 80. 2022-ல் மூன்று படிநிலைகளாகப் பிரித்தார்கள். மேல் படி அமெரிக்காவில் இப்போது 160 டாலர். சோனியின் கிளவுட் ஸ்ட்ரீமிங் (கேமை இணையம் வழியாக ஓட்டுவது) இல்லாத இந்தியாவில் அதற்குப் பதில் டீலக்ஸ் என்ற படி. 2023 மார்ச்சில் சந்தாதாரர் 4.74 கோடி. எல்லோரும் கீழ்ப் படியில், அன்றைய அமெரிக்க விலையில் இருந்ததாக வைத்தாலே ஆண்டுக்கு 280 கோடி டாலருக்கு மேல். நாட்டுக்கு நாடு விலை மாறுவதால் இது குத்துமதிப்புதான், ஆனால் அளவு புரியும்.

இந்தப் பணத்தின் குணமும் முக்கியம். கேம் விற்பனை தீபாவளிப் பட்டாசு மாதிரி: டிசம்பரில் குவியும், பிப்ரவரியில் வறளும். சந்தா மாதாமாதம் சொட்டுகிற தண்ணீர். அதுவும் ஆண்டுத் தொகை முன்பணமாக வந்துவிடுகிறது. கட்டிவிட்டு மறந்துபோனவர்களின் பணமும் அதில் உண்டு. பிரிட்டனின் போட்டி ஆணையம் தானாகப் புதுப்பிக்கிற சந்தாக்களைக் குடைந்த பிறகு, 2022 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு உறுதி கொடுத்தது: நெடுநாள் பயன்படுத்தாமல் பணம் மட்டும் கட்டிக்கொண்டிருப்பவருக்கு நினைவூட்டுவோம், அப்போதும் அவர் எட்டிப் பார்க்காவிட்டால் பணம் எடுப்பதை நிறுத்துவோம் என்று. இப்படி எழுதி வாங்கவேண்டியிருந்தது என்றால் முன்பு என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கன்சோல் செட்டிங்ஸில் ‘ஆட்டோ ரெனிவல்’ என்பதை வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள். கட்டிய காலம் முடியும்வரை சேவை நிற்காது.

சந்தாவை எவ்வளவு இழுக்கலாம் என்பதற்கும் எல்லை இருக்கிறது. 2021 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 60 டாலரை ஓராண்டுக்குப் பதில் ஆறு மாத விலையாக்கியது. அறிவித்த அதே நாளில் எதிர்ப்பு தாங்காமல் பின்வாங்கியதோடு, இலவச ஆட்டங்களுக்குச் சந்தா தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. இலவச ஆட்டத்தை வாசலில் நிறுத்துவது முட்டாள்தனம் என்று சோனிக்கு முன்பே தெரியும். ஃபோர்ட்நைட்டில் ஒரு சிறுவன் உடை வாங்கினால் அதிலும் 30 சதவீதம் வருகிறது. எபிக் வழக்கில் வெளியான கணக்குப்படி, 2018 மார்ச் முதல் 2020 ஜூலை வரை ஃபோர்ட்நைட் வருமானத்தில் 46.8 சதவீதம் பிஎஸ்4 வழியாகவே வந்தது. உடை, நாணயம், சீசன் பாஸ் என்று ஆட்டத்துக்குள் விற்கிற சில்லறைச் சாமான்கள் இன்று சோனிக்கு முழுக் கேம்களைவிடப் பெரிய வரவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே நேர்ப்பொருளிலேயே பொருந்துகிறது.

கிராஸ்ப்ளே விவகாரம் இதற்கு ஒரு கிளைக்கதை. பிளேஸ்டேஷன்காரரும் எக்ஸ்பாக்ஸ்காரரும் ஒன்றாக ஆடுவதை 2018 செப்டம்பர் வரை சோனி தடுத்து வைத்திருந்தது. நண்பர்கள் எந்தக் கன்சோலில் இருக்கிறார்களோ அதையே வாங்குகிற பழக்கம்தான் சோனியின் பெரிய வேலி. அதை அவர்களே பிடுங்கி எறிவார்களா? கடைசியில் திறந்தபோதும் ஒரு கணக்கு வைத்துத் திறந்தார்கள். ஒரு கேமின் மொத்த வருமானத்தில் பிளேஸ்டேஷன் கடையின் பங்கை, மொத்த ஆட்ட நேரத்தில் பிளேஸ்டேஷனின் பங்கால் வகுக்க வேண்டும். விடை 0.85-க்குக் கீழே போனால் வெளியீட்டாளர் சோனிக்கு ஈட்டுத்தொகை கட்ட வேண்டும். உதாரணமாக, ஆட்ட நேரத்தில் 60 சதவீதம் பிளேஸ்டேஷனில், ஆனால் வருமானத்தில் 45 சதவீதம்தான் அதன் கடையில் என்றால் விடை 0.75. ‘எங்கள் திடலில் ஆடிவிட்டுப் பக்கத்துத் திடலில் சாமான் வாங்குகிறார்கள், அந்தச் சுங்கத்தை நீ கட்டு’ என்பதுதான் இதன் பொருள். இதுவும் அதே வழக்கில்தான் வெளியே வந்தது. இந்தத் தொழில் எப்படிச் சிந்திக்கிறது என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டுகிற வேறொரு சூத்திரத்தை நான் பார்த்ததில்லை.

நெட்வொர்க்கை நம்பிப் பிழைத்தால் அது விழும்போது எல்லாம் விழும். 2011 ஏப்ரல் 20-ல் ஊடுருவலுக்குப் பிறகு பிளேஸ்டேஷன் நெட்வொர்க் மூடப்பட்டது. 7.7 கோடிக் கணக்குகளின் விவரங்கள் பாதிக்கப்பட்டன, மூன்று வாரத்துக்கு மேல் கடையே திறக்கவில்லை. 1,400 கோடி யென் செலவாகும் என்று சோனி மதிப்பிட்டது. 2025 பிப்ரவரியில் ஒரு நாள் போல முடங்கியதற்கு ஐந்து நாள் சந்தா நீட்டிப்புக் கொடுத்தார்கள்.

ஒரு வாடிக்கையாளரின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 2020 நவம்பரில் 499 டாலருக்கு பிஎஸ்5 வாங்கினார். ஐந்து ஆண்டுச் சந்தா, முதல் மூன்று ஆண்டு 60 வீதம், அடுத்த இரண்டு 80 வீதம்: 340 டாலர். மற்ற நிறுவனங்களின் கேம் பத்து, தள்ளுபடி போகச் சராசரி 50 டாலருக்கு டவுன்லோட் செய்தால் சோனியின் பங்கு 150. ஆட்டத்துக்குள் 200 டாலருக்குச் சில்லறை வாங்கினால் 60. ஆகமொத்தம் 550 டாலர், பெட்டியின் விலையைவிட அதிகம். உடைந்துபோன கன்ட்ரோலருக்கு மாற்றாக வாங்கிய 70 டாலர் தனி. பெட்டியில் 100 டாலர் விட்டிருந்தாலும் இரண்டாம் ஆண்டுக்குள் கைக்கு வந்துவிடுகிறது. சந்தாவே கட்டாமல் பழைய டிஸ்க் மட்டும் வாங்கி ஆடுகிறவரிடம் கிடைப்பது ஏறக்குறைய பூஜ்யம். நிறுவனத்தின் கண்ணில் இருவரும் ஒரே வாடிக்கையாளர் இல்லை.

இந்த 550 டாலரை மனதில் வைத்துக்கொண்டால்தான் எக்ஸ்க்ளூசிவ் கேம் புரியும். அந்தக் கேம் தனியாக எவ்வளவு சம்பாதித்தது என்பது பாதிக் கணக்குதான். அதற்காகப் புதிதாக எத்தனை பேர் இந்தத் திடலுக்குள் வந்தார்கள் என்பது மீதிப் பாதி. மைக்ரோசாஃப்ட் 2000-ல் பங்கி நிறுவனத்தை வாங்கி ஹேலோவை எக்ஸ்பாக்ஸுக்கென்று வைத்துக்கொண்டது. 2004-ல் ஹேலோ 2 முதல் நாளே 12.5 கோடி டாலருக்கு விற்றது, எக்ஸ்பாக்ஸ் லைவ் சந்தாவுக்கும் அதுவே ஆள்பிடிக்கிற தரகர்.

சொந்த ஸ்டூடியோவில் எடுப்பது ஒரு வகை. வெளி நிறுவனத்திடம் சில மாதத்துக்கோ ஓராண்டுக்கோ உரிமை வாங்குவது இன்னொரு வகை: ரைஸ் ஆஃப் த டூம் ரைடர் 2015-ல் எக்ஸ்பாக்ஸில், பிஎஸ்4-ல் ஓராண்டு கழித்து. மூன்றாவது வகையில் கேம் எல்லோருக்கும், கூடுதல் பகுதி மட்டும் ஒருவருக்கு. ஜிடிஏ 4-ன் இரண்டு கூடுதல் அத்தியாயங்களுக்காக டேக்-டூ நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்தது 5 கோடி டாலர்.

வெளி நிறுவனத்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதில் ஒரு நெளிவு இருக்கிறது. வெளியீட்டாளர் கேட்பது, மற்றக் கன்சோலில் விற்காததால் தான் இழக்கிற தொகை. சந்தையில் முன்னால் இருக்கிறவர் குறைவாகக் கொடுத்தால் போதும், ஏனென்றால் எதிராளியின் கன்சோலில் இழப்பது கொஞ்சம்தான். பின்னால் இருக்கிறவர் மலையளவு கொடுக்க வேண்டும். பிஎஸ்4 காலத்திலிருந்து சோனிக்குச் சாதகமாக இருந்தது இதுதான். மைக்ரோசாஃப்ட் கேம் கேமாகப் பேரம் பேசுவதை விட்டு நிறுவனங்களையே வாங்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்: பெதஸ்டா என்ற கேம் நிறுவனத்தின் தாய் நிறுவனத்துக்கு 750 கோடி டாலர், 2023 அக்டோபரில் ஆக்டிவிஷன் பிளிஸார்டுக்கு 6,870 கோடி டாலர்.

ஆக்டிவிஷன் கைமாறுவதை சோனி ஏன் உயிரைக்கொடுத்து எதிர்த்தது? அதைத் தடுக்க அமெரிக்க அரசின் வணிக ஆணையம் போட்ட வழக்கில் தாக்கலான, அன்றைய பிளேஸ்டேஷன் தலைவர் ஜிம் ரயனின் கடிதம், மறைக்க வேண்டிய எண்களை மார்க்கர் பேனாவால் அடித்து ஸ்கேன் செய்ததால் அரைகுறையாக வாசிக்கும்படி வெளியே வந்துவிட்டது. 2021-ல் பிளேஸ்டேஷன்காரர்களில் சுமார் பத்து லட்சம் பேர் ஆக்டிவிஷனின் கால் ஆஃப் டியூட்டி கேமைத் தவிர வேறு எதையுமே ஆடவில்லை என்கிறது அது. தங்கள் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் அதிலேயே கழித்தவர்கள் 60 லட்சம் பேர். கேம் எக்ஸ்பாக்ஸுக்குப் போனால் இவர்கள் சந்தாவோடும் சில்லறைச் செலவோடும் சேர்ந்து போவார்கள். சோனி பயந்தது அந்தப் பெயர்ச்சிக்குத்தான்.

அதே ஆவணத்தில்தான் சோனியின் தயாரிப்புச் செலவும் அம்பலமானது: த லாஸ்ட் ஆஃப் அஸ் பகுதி 2-க்கு 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு 21.2 கோடி. சொந்தக் கேம் என்பதால் 30 சதவீதம் யாருக்கும் போகாது. ஆனாலும் தள்ளுபடியும் கடைக் கமிஷனும் போகப் பிரதிக்கு 40 டாலர் நிற்கிறது என்று வைத்தால், 55 லட்சம் பிரதி விற்றால்தான் முதல் தேறும். விளம்பரம் தனி. லாஸ்ட் ஆஃப் அஸ் ஒரு கோடியைத் தாண்டியது. எல்லாக் கேமும் தாண்டாது. 2024 ஆகஸ்ட் 23-ல் வெளியான கான்கார்ட் என்ற கேமை செப்டம்பர் 6-ல் இழுத்து மூடி, வாங்கியவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது சோனி.

செலவு இவ்வளவு ஏறிய பிறகு, ராட்டினமும் தன் கூலியைத் தானே சம்பாதிக்க வேண்டும் என்றாகிவிட்டது. அதனால்தான் 2020-லிருந்து சோனியின் பெரிய கேம்கள் ஒன்றிரண்டு ஆண்டு கழித்துக் கணினிக்கும் வரத் தொடங்கின. கன்சோல் வாங்கவேண்டியவர்கள் வாங்கி முடித்த பிறகு, மிச்சமிருப்பவர்களிடம் கறப்பது. ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேம், 2024 பிப்ரவரியில் பிஎஸ்5, கணினி இரண்டிலும் ஒரே நாளில் வந்து, பன்னிரண்டு வாரத்தில் 1.2 கோடி விற்றது. அதற்குள் பேராசை வந்தது: கணினியில் வாங்கியவர்களும் பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) கணக்கோடு இணைத்தாக வேண்டும் என்று மே மாதம் அறிவித்தார்கள். பிஎஸ்என் சேவையே இல்லாத நாடுகளிலும் கேம் விற்றிருந்தது! ஸ்டீமில் எதிர்மறை விமர்சனம் மழையாகக் கொட்டி, சில நாளில் உத்தரவு வாபஸ்.

மைக்ரோசாஃப்ட் வேறு பாதையில் போனது. 2017-ல் தொடங்கிய கேம் பாஸில் மாதச் சந்தாவுக்கு நூற்றுக்கணக்கான கேம், 2018-லிருந்து சொந்தக் கேம்கள் வெளியான அன்றே அதில். வெளி நிறுவனத்துக்கு ஒரு தொகை பேசிக் கொடுத்துவிடுவார்கள். இந்தத் தொகைகள் வெளியே தெரிவது அபூர்வம். ஆர்க் கேமின் உரிமையாளர் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்திடம் தாக்கல் செய்த ஆவணத்தால் ஒன்று தெரியும், பிளேஸ்டேஷன் ப்ளஸில் ஐந்து வாரம் கொடுக்க சோனி 35 லட்சம் டாலர் தந்தது. கேம் பாஸின் சிக்கல், சந்தாவுக்குள் இருக்கிற கேமை யாரும் தனியாக வாங்குவதில்லை என்பதே. அதில் சேர்ந்த பிறகு கேமின் தனி விற்பனை குறைகிறது என்று மைக்ரோசாஃப்டே பிரிட்டன் ஆணையத்திடம் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரியில் சந்தாதாரர் 3.4 கோடி. 2025 அக்டோபரில் மேல் படியின் விலையை மாதம் 20-லிருந்து 30 டாலராக ஒரே தாவலில் ஏற்றினார்கள்.

எக்ஸ்பாக்ஸ் பெட்டி விற்பனை சுருங்க, 2024-லிருந்து தன் கேம்களை பிஎஸ்5-க்கே கொடுக்கிறது மைக்ரோசாஃப்ட்: சீ ஆஃப் தீவ்ஸ், ஃபோர்ஸா ஹொரைசன் 5, கியர்ஸ் ஆஃப் வார். ஒவ்வொரு பிரதியிலும் 30 சதவீதம் சோனிக்கு. குத்தகைதாரராக இருந்தவர் எதிர்ச்சந்தையில் கடை போட்டுச் சுங்கம் கட்டுகிறார். மீதி 70 வருகிறதே என்று பார்த்தால் தப்பில்லை, ஆனால் எக்ஸ்பாக்ஸ் வாங்கக் காரணம் கேட்பவருக்குச் சொல்ல என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை.

நின்டெண்டோவை இந்தக் கணக்கில் அப்படியே நுழைக்க முடியாது. அவர்கள் பெட்டியிலும் லாபம் வைக்கிறவர்கள். விதிவிலக்காக 3டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோல் விற்காமல் தேங்கியபோது, வந்த ஐந்தாவது மாதத்தில் 250-லிருந்து 170 டாலராக்கி நஷ்டத்துக்கு விற்றார்கள், தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். வீ யூ என்ற கன்சோல் நஷ்டத்தில் போனபோதும் ஒரே ஒரு கேம் வாங்கினாலே லாபத்துக்கு வந்துவிடும் என்று அமெரிக்கத் தலைவர் ரெஜி சொன்னார்; வாங்கத்தான் ஆளில்லை. ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது, கேம்கள் 140 கோடிக்கு மேல்: பெட்டிக்கு ஒன்பது. அவற்றில் அதிகம் விற்பவை சொந்தக் கேம்களே, அதாவது 30 சதவீதம் போக மீதி 70-உம் அதே கல்லாவில். மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 6.8 கோடி பிரதிகளைத் தாண்டியும், எட்டு ஆண்டு கழித்தும் பட்டியல் விலை 60 டாலர்தான். அது வேறெங்கும் வராது என்று எல்லோருக்கும் தெரியும், தள்ளுபடிக்காக யாரும் காத்திருப்பதில்லை. ஆன்லைன் சந்தாவை ஆண்டுக்கு 20 டாலரிலேயே வைக்க அவர்களால் முடிவதும் அதனால்தான்.

ஸ்விட்ச் 2-ஐ 2025 ஜூனில் ஜப்பானில் இரண்டு விலையில் வெளியிட்டார்கள். எல்லா மொழியும் உள்ளது 69,980 யென். ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென். உள்ளே இருக்கிற சிப்பும் திரையும் ஒன்றே. இங்கேயும் ஒரு பூட்டு இருக்கிறது: மலிவான பெட்டியில், நாடு ஜப்பான் என்று பதிவான நின்டெண்டோ கணக்கை மட்டுமே இணைக்க முடியும்.